பழைய டியூபையே மாட்டிக் கொடுத்தேன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வால்வு ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் தொழில் கற்றவன் நான். இப்போது என் கடைக்கு வால்வு செட் வருவதே அபூர்வம். வந்தால் கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்தான், அதுவும் ஏற்காட்டிலிருந்து. அந்த வால்வைத்தான் அவர்கள் டியூப் என்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி இஎல்34 என்ற பவர் டியூப் இரண்டு போட்ட ஆம்பைத் தூக்கி வந்தார். “அண்ணா, டியூப் போச்சுங்க. புது ஜோடி வாங்கிட்டேன், மாட்டிக் குடுங்க” என்றார். வாசித்தால் கரகரப்பு, நடுநடுவே சத்தம் அமுங்கி அமுங்கி வந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெபாசிட்டரில் தங்கியிருந்த சார்ஜை ரெசிஸ்டர் வைத்து இறக்கினேன். 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற இடம். மீட்டர் பூஜ்யம் காட்டாமல் நான் கை வைப்பதில்லை. டியூபைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி உச்சியில் வெள்ளி நிறப் பூச்சு பளபளவென்று இருந்தது. உள்ளே காற்று புகுந்திருந்தால் அது பால்போல வெளுத்திருக்கும். கீழே பின்கள்தான் கறுத்துக் கிடந்தன. சாக்கெட்டில் ஒரு கவ்வி தளர்ந்து, பின்னைப் பிடிக்கவே இல்லை. 1500 மீட்டர் உயரத்தில், மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊரில், உலோகம் எப்படித் தாங்கும்?

துடைத்தேன், கவ்வியை ஊசியால் நெருக்கினேன், பழைய ஜோடியையே மாட்டினேன். கரகரப்பு போய்விட்டது. பிறகு ஆம்ப் ஓடும்போதே 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன டியூப் ஒவ்வொன்றையும் பென்சிலால் மெல்லத் தட்டினேன். ஒன்று மட்டும் ஸ்பீக்கரில் மணிபோல் கணீரென்றது. மாற்ற வேண்டியிருந்தது அந்த ஒன்றைத்தான்.

“வாசிச்சு முடிச்சதும் என்ன பண்ணுவீங்க தம்பி?”

“உடனே வண்டியில ஏத்திடுவோம்ணா.”

இதைக் கேட்டால் எனக்கு மனசு பொறுக்காது. டியூபுக்குள்ளே சூடேற்றும் கம்பியும், எலக்ட்ரானை உமிழும் கேத்தோடும் சூடாக இருக்கும் நேரத்தில்தான் அதிர்வு அவற்றை அதிகம் பாதிக்கும். அந்தச் சூட்டோடு 20 கொண்டை ஊசி வளைவு! கால் மணி நேரம் ஆறவிட்டால் போதும். ஸ்பீக்கர் வயரைச் சொருகாமல் ஒருநாளும் ஆன் செய்ய வேண்டாம், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

புது ஜோடியைப் பெட்டியோடு அவர் கையிலேயே கொடுத்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் பயாஸ், அதாவது டியூபில் ஓடும் கரன்ட்டின் அளவைச் சரிசெய்யும் செட்டிங், பார்க்காமல் ஒருவருக்குப் புது டியூப் மாட்டி, உள்ளிருக்கும் பிளேட் என்ற தகடு செக்கச்செவேலென்று சிவந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால், இதை மாட்டுகிற நாளில் ஆம்பையும் கூடவே கொண்டுவரச் சொன்னேன்.