செருப்பு வாரும் ஓர் ஊக்கும்

பாளையங்கோட்டையில் நாங்கள் போட்ட இருபது நிமிட நாடகத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள் போராட்டத்துக்குக் கிளம்புகிறாள், அப்பா வாசலை மறித்து நிற்கிறார். முதல் வாசிப்பில் அப்பாவைக் கோழை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். நடித்த நண்பரும் அதற்கேற்பத் தொண்டை கிழியக் கத்தினார், காட்சி எடுபடவில்லை.

பிறகுதான் அவருக்கு ஓர் இறந்தகாலத்தைக் கொடுத்துப் பார்த்தோம். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தில், காவல்துறையின் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களுள் அவரும் ஒருவர். அன்று 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. இதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்ல வைப்பதா என்று இரண்டு நாள் சண்டை போட்டோம். (வசனம் எழுதியவன் நான் என்பதால், வெட்டுவதற்கு எனக்குத்தான் மனம் வரவில்லை.) கடைசியில் ஒரு வரி மட்டும் மிஞ்சியது:

"ஏட்டி, ஆத்துப் பக்கம் மட்டும் போயிராத."

அதைச் சொல்லும்போது அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல், தரையில் குந்தி, அவளுடைய செருப்பின் அறுந்த வாரில் ஊக்கு மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். வாதாடுவதற்காக மகளுக்கு எழுதியிருந்த அரைப் பக்கமும் அத்தோடு போயிற்று. அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"எப்பா, ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

அரங்கேற்றத்தன்று நண்பரின் விரல் நடுங்கியதில் ஊக்கு மாட்டவே இல்லை. விளக்கை அணைக்க வேண்டியவர் அவர் மாட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். மகளாக நடித்தவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே இருந்தாள்.