ஈரப் பையிலேயே வாடிய குடைமிளகாய்

இன்று காலை நாலு பையிலும் குடைமிளகாய் பிஞ்சு பிடித்திருக்கிறது. நீலாங்கரை மாடியில் இதைப் பார்க்க ரெண்டு செட் நாற்று செலவானது.

முதல் செட் பதினொரு மணி வெயிலுக்கே தலை தொங்கிவிடும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பின பைக்குள் விரலை விட்டால் சொதசொதவென்று ஈரம். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். இலை ஓரம் காகிதம் கருகின மாதிரி சுருண்டது, பை விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது. அப்புறம்தான் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று மின்கடத்தலை வைத்துக் காட்டும் இ.சி. மீட்டரை எடுத்தேன். பையிலிருந்து கீழே வடிகிற தண்ணீர், அதாவது வடிநீர், 3.9 (எல்லா அளவும் mS/cm-ல்). செடிக்கு அது வறட்சிதான்: பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, உப்பு பிடித்து வைத்திருப்பதால் வேரால் இழுக்க முடியவில்லை. சரி, கொஞ்சம் காயப் போடலாம் என்றால் அது இன்னும் மோசம். ஈரம் பாதியானால் மிச்சத் தண்ணீரில் உப்பு இரட்டிப்பாகிவிடும்.

அதே மாடியில், அதே தண்ணீரில் தக்காளி அசரவில்லை. மண்ணுக்குச் சொல்லும் கணக்கில் தக்காளி 2.5 வரை தாங்கும், குடைமிளகாய் 1.5-லேயே சுணங்கும், பீன்ஸுக்கு 1-ஐத் தாண்டினாலே ஆகாது.

ரெண்டாவது செட்டுக்காகக் கோகோபீட் கழுவுவதில்தான் என் டிசம்பர் போனது. நாலு தடவை கழுவியும் 1.9-க்குக் கீழே இறங்கவில்லை. காரணம் கண்ணெதிரே இருந்தது: எங்கள் போர் தண்ணீரே 1.8! கழுவும் தண்ணீரைவிடக் கழுவின பொருள் எப்படி சுத்தமாகும்? ஐப்பசி மழையில் பிடித்துவைத்த டிரம்மைத் திறந்தேன், ரெண்டே அலசலில் 0.5.

அதோடு விட்டுவிடக் கூடாது. நாரில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது, கால்சியம் வந்துதான் அவற்றை இடம்பெயர்க்கும். 5 கிலோ கோகோபீட் கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒரு நாள் முழுக்க ஊறவிட்டேன். அப்போது மீட்டர் 4-க்கு மேல் காட்டும், பதற வேண்டாம். நாம் போட்ட உப்பையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. மறுநாள் பிழிந்தால் கட்டன் காபி நிறத்தில் தண்ணீர் இறங்கியது. மறுபடி மழைநீரில் அலசி, 0.6 வந்த பிறகே நாற்று வைத்தேன். இந்த ஊறலைத் தவிர்த்தால், ஊற்றுகிற கால்சியத்தை நாரே பிடித்துக்கொள்ளும்; காயின் அடி கறுத்து அழுகும். முதல் செட்டில் தப்பிப் பிழைத்த மூணு காயும் அப்படித்தான் போயின.

பொள்ளாச்சியிலிருந்து வந்த கட்டி இது. 'வாஷ் பண்ணினது' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. உப்பங்கழியில் ஊறின தேங்காய் மட்டையா, நல்ல தண்ணீரில் ஊறினதா என்று பார்வைக்குத் தெரியாது. இனிமேல் ஒரு கைப்பிடி சாம்பிள் வாங்கி, ஊறவைத்து, மீட்டரில் பார்த்த பிறகுதான் பணம்.

அடுத்து தக்காளியில் ஒரு ஆசை. பழுக்கும் சமயம் உப்பைக் கொஞ்சம் கூட்டினால் காய் சிறுக்கும், இனிப்பு ஏறும். ரெண்டு பையில் மட்டும் வடிநீரை 4 வரை விட்டுப் பார்க்கப்போகிறேன்.

குடைமிளகாய் வடிநீர் நேற்று 1.4. ஊற்றுவதில் கால் பங்காவது கீழே வடிந்தால்தான் அது ஏறாமல் நிற்கிறது. டிரம்மில் இன்னும் பாதி மழைநீர் இருக்கிறது. போர் தண்ணீரோடு சரிபாதி கலந்து மாசி வரை ஓட்டணும்.