முப்பத்தொரு அட்டை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கும் நாளில் காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும். சீட்டை வாங்கு, பிரஷர் பார், விரலில் குத்து, ஒரு மாத மாத்திரையைக் கொடு, பதிவேட்டில் எழுது. ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. மாதக் கடைசியில் மேலிருந்து கேட்பது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்றுதான். எங்கள் எண்ணிக்கை எப்போதும் நன்றாகவே இருக்கும். செவிலியராக எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஆயா ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் சுகர் மட்டும் 280, 300 என்றே நிற்கும். டாக்டர் மெட்ஃபார்மின் மாத்திரையோடு கிளிமெபிரைடு என்ற இன்னொரு சுகர் மாத்திரையும் சேர்த்தார். அப்போதும் இறங்கவில்லை. இனிப்பைத் தின்றுவிட்டு மறைக்கிறார் என்று நினைத்து நானும் மாதாமாதம் திட்டியிருக்கிறேன்.

காலில் புண் வந்து நடக்க முடியாமல் போனபோது கட்டுப் போட அவர் வீட்டுக்குப் போனேன். பஞ்சை வைக்க இடம் தேடினால், அலமாரியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே எங்கள் மாத்திரைகள், ரப்பர் பேண்டு போட்டு மாதவாரியாக. எண்ணினேன். 31 அட்டை. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

“ஏன் ஆயா?”

“அதப் போட்டா கிறுகிறுன்னு வருது அம்மிணி. நூறு நாள் வேலைக்கு ஏழு மணிக்கே போகோணும். சோறு பதினோரு மணிக்குத்தான். அங்க உழுந்து கெடந்தா நாளைக்கு வேலைக்குச் சேத்துவாங்களா?”

“அப்புறம் எதுக்கு மாசாமாசம் வந்து வாங்கறீங்க?”

“வராட்டி நீ வையுவியே.”

ஆயா சொன்னதில் தப்பே இல்லை. கிளிமெபிரைடைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் வரும். எங்களுக்குத் தெரியாததா? ஆனால் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். மெட்ஃபார்மினைப் பதினோரு மணிச் சோற்றுக்கு அப்புறமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறமும் போடச் சொன்னார். இரண்டு மாதத்தில் சுகர் 190. புண்ணும் ஆறியது. இதற்கு ஆன கூடுதல் செலவு என் அரை மணி நேரம்.

தமிழ்நாட்டில் 2020இல் சுகர், பிரஷர் போன்ற தொற்றா நோய்களைப் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், சர்க்கரை நோய் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம் பேருக்குத்தான். ரத்த அழுத்தத்தில் 7.3. முன்பு பயிற்சியில் இதைக் கேட்டபோது சனங்கள் சொன்னால் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்த மஞ்சள் பைதான் ஞாபகம் வருகிறது.

மருத்துவத்துக்குக் கொடுக்கும் காசை, எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதற்குப் பதிலாக எத்தனை பேருக்குக் குணம் தெரிந்தது என்பதை வைத்துக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். அமெரிக்காவில் 2012 முதல் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு, சில நோய்களுக்குச் சிகிச்சை பெற்றுப் போனவர்கள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்து சேர்ந்தால், அந்த மருத்துவமனைக்குத் தரும் பணத்தில் பிடித்துக்கொள்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் சம்பளம் ஆயாவின் சுகரைப் பொறுத்தது என்றால், அவரை வேறு எங்காவது அனுப்பிவிடலாமா என்று எனக்கே தோன்றியிருக்கும். சரி, சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். மூன்று நிமிடத்தை ஆறு நிமிடமாக்க இன்னொரு ஆளைக் கொடுத்தாலே போதும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் அக்காவிடம், மாத்திரை கொடுக்கும்போது பழைய அட்டையையும் பார்க்கச் சொன்னேன். முதல் வாரமே நான்கு வீட்டில் பை பையாக இருந்ததாம். பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கிறேன். போன மாதம் ஆயாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘மீதி 2’.