துருசுத் திறப்பும் தூபக்கலசமும்

எங்கள் குளத்தில் தண்ணீர் திறந்துவிடும் துருசின் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறோம். அந்தப் பூட்டின் திறப்பு, நீல நைலோன் கயிற்றில் கட்டியபடி, எங்கள் வீட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிறுகுளம். கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்ற பெயரில் மூன்று வருடமாக அந்தத் திறப்பைக் காவல் காக்கிறேன். அந்தக் காலத்தில் தண்ணீர் பங்கிட்ட வட்டவிதானைமார் எப்படித்தான் நித்திரை கொண்டார்களோ தெரியாது.

இந்தச் சிறுபோகத்தில் குளம் பாதிக்கும் கீழே போய்விட்டது. முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டோம். ஜூலை நடுப்பகுதியில் குளக்கட்டு மருத மரத்தடியில் கூட்டம். என் சித்தப்பாவின் மகன் எழுந்தான். அவனுடைய வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது.

"அண்ணை, எல்லாருடைய வயலும் வெடித்துக் கிடக்கிறது. திறப்பு வைத்திருப்பவரின் வயல் மட்டும் எப்படி ஈரமாக இருக்கிறது?"

நாற்பது பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஒரு சொட்டுத் தண்ணீர் கூட எடுத்திருந்தால் என் கை அழுகட்டும்" என்று கத்தினேன். கணக்குக் கொப்பியைக் கதிரையில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அயல் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் வாசகம் எடுத்து விளக்குவது என் முறை. விவிலியத்தின் எண்ணிக்கை நூலில் கோராகின் கதையைத் தெரிந்தெடுத்தேன். நல்ல மனதோடுதான் தெரிந்தெடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தம்பியும் அதே அன்பியம். தலைவனுக்கு எதிராக எழும்பியவர்களை நிலம் வாய் திறந்து விழுங்கிய இடத்தை அவன் காதுபட வாசிக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. மோசேயின் தகப்பன் அம்ராம், கோராகின் தகப்பன் இட்சகார்; இருவரும் கூடப்பிறந்தவர்கள். கோராகும் மோசேக்குச் சித்தப்பா மகன்தான்! பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

இரவு விறாந்தையில் இருந்து முழுவதையும் வாசித்தேன். கோராகோடு 250 பெரிய மனிதர்கள் வந்து, மக்கள் எல்லாருமே பரிசுத்தமானவர்கள், நீங்கள் மட்டும் ஏன் உங்களை உயர்த்திக்கொள்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கேள்வியில் பிழை பிடிப்பது கடினம். மோசே மறுமொழி சொல்லுமுன் முகங்குப்புற விழுகிறார். நான் கொப்பி எறிந்த இடத்தில் அவர் விழுந்திருக்கிறார்.

அதற்காக அவர் கோபப்படவில்லை என்று இல்லை. கோராகோடு சேர்ந்த தாத்தானும் அபிராமும், பாலும் தேனும் பொழிந்த நாட்டிலிருந்து எங்களைக் கொண்டுவந்து பாலைவனத்தில் சாகடிக்கிறாய் என்கிறார்கள். அவர்கள் சொல்வது எகிப்தை! செங்கல் அறுத்து முதுகு முறிந்த நாடு பின்னாளில் பாலும் தேனுமாகிவிட்டது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் 2009இல் தண்ணீர் வரிசையில் நின்றவன் நான். தாகத்தில் இருப்பவன் குழாய்க்குப் பக்கத்தில் நிற்பவனைத்தான் திட்டுவான். மோசேக்கும் பொறுக்கவில்லை. இவர்களுடைய காணிக்கையை ஏற்காதேயும், இவர்களிடம் நான் ஒரு கழுதையைக்கூட எடுத்ததில்லை என்று ஆண்டவரிடமே முறையிடுகிறார். மண்ணுலகில் எல்லாரிலும் சாந்தமானவர் என்று அதே நூல் சொன்ன மனிதர்தான் இவர். வாசித்தபோது எனக்கு ஓர் ஆறுதல்.

ஆனால் அடுத்த கணமே, ஒருவன் செய்த பாவத்துக்காக எல்லார் மேலும் கோபிப்பீரோ என்று திரும்பவும் முகங்குப்புற விழுகிறார். அவர்களை நிலம் விழுங்கிய மறுநாள், மக்கள் எல்லாரும் சேர்ந்து பழி சொல்லி, கொள்ளைநோய் தொடங்கியபோது மூன்றாம் தடவையும் விழுகிறார். பிறகு தன் அண்ணன் ஆரோனை அனுப்புகிறார்: பீடத்து நெருப்பை எடு, தூபம் போடு, விரைந்து போ.

சிறுவயதில் நான் பூசைக்கு உதவி செய்தவன். சிரட்டைக் கரியை ஊதி ஊதிச் சிவக்க வைத்து, சங்கிலியைப் பிடித்து ஒரு தடவை ஓடியதில் தணல் சிந்தி என் முழங்கை வெந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆரோனின் தூபக்கலசத்துக்கோ சங்கிலியும் மூடியும் இருந்திருக்காது; அடுப்பில் தணல் அள்ளும் கரண்டியைப் போன்ற ஒன்று. பார்வோன் முன்னால் நின்றபோதே அவருக்கு 83 வயது. அந்தக் கிழவர் தணலோடு ஓடுகிறார். அவருடைய குருப் பதவியைத்தான் நேற்று அவர்கள் பறிக்கப் பார்த்தார்கள். செத்தவர்களுக்கும் உயிரோடிருந்தவர்களுக்கும் நடுவில் போய் நிற்கிறார். கொள்ளைநோய் நிற்கிறது. அதற்குள் 14,700 பேர் போய்விட்டார்கள்.

கழுதை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சாமுவேல் நூலுக்குப் போனேன். அங்கும் கிழவரான சாமுவேல், யாருடைய மாட்டை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன் என்று மக்களிடம் கேட்கிறார். யாரும் இல்லை என்கிறார்கள். அவரைத் தள்ளிவிட்டு அரசன் கேட்டவர்கள் அவர்கள். அவர்களுக்காக மன்றாடாமல் விட்டால் நான் ஆண்டவருக்கு விரோதமாகப் பாவம் செய்தவன் ஆவேன் என்கிறார். ஆனால் நாலு அதிகாரம் முன்னால் இன்னொரு செய்தி இருக்கிறது. அவருடைய பிள்ளைகள் கைக்கூலி வாங்கினார்கள். மக்களின் முறைப்பாட்டில் அந்தப் பாதி உண்மை.

வாசிப்பதை நிறுத்திவிட்டு மகனைக் கூப்பிட்டேன்.

மடு மாதாவின் ஆடித் திருவிழாவுக்கு நாங்கள் இருவரும் போய், மூன்று நாள் காட்டுக்குள் தறப்பாள் கட்டித் தங்கியிருந்தோம். வயலைப் பார்த்தவன் அவன். கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரே ஓர் இரவு, அப்பா. ஒன்றரை மணித்தியாலம். பயிர் வாடி நின்றது."

மாதாவின் முன்னால் நான் முழந்தாளில் நின்ற இரவு.

மனைவி, "பொடியனைக் காட்டிக்கொடுக்கப் போகிறீர்களா?" என்று கேட்டாள். மறுமொழி சொல்லவில்லை. அன்றிரவு செபமாலை சொல்லும்போது தம்பியின் பெயரைச் சொல்லப் பார்த்தேன். மகனின் பெயர்தான் வாயில் வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னேன்.

காலையில் திறப்பை எடுத்துக்கொண்டு தம்பி வளவுக்குப் போனேன். அவன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்வேன் என்றேன். எங்கள் அடுத்த முறைத் தண்ணீரில் ஒன்றரை மணித்தியாலம் கடைசி வயல்களுக்கு என்றேன். அதுவரை திறப்பு அவனிடம் இருக்கட்டும் என்று நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. நெடுநேரம் நீலக் கயிற்றையே பார்த்தான். பிறகு உள்ளே பார்த்து, அண்ணைக்குத் தேநீர் போடச் சொன்னான்.

தேநீர் பாதி குடித்திருப்பேன். "செவ்வாய்க்கிழமை உங்கள் முறைதானே, அண்ணை? என்ன வாசகம் எடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

தேநீர் சுடுகிறது என்று சொல்லி ஊதத் தொடங்கினேன்.