வாய்ஸ் மாஸ்டர்ஸ் ஆடிஷன்: விண்ணப்பத்துக்கு முன்னால் டீச்சரைத் தேடுங்கள்

போன வாரம் பதில் வந்துவிட்டது. அமெரிக்காவில் வோக்கல் பெர்ஃபார்மன்ஸ் மாஸ்டர்ஸ், அதாவது மேற்கத்திய குரலிசையில் முதுகலை. என் குரல் சோப்ரானோ, பெண் குரலில் மேல் ஸ்தாயி. நான் கேட்ட டீச்சரிடமே இடம் கிடைத்திருக்கிறது. இன்னும் மனசு அடங்கவில்லை. அடுத்த வருடம் போகிறவர்களுக்காக, சூடு ஆறும் முன் எழுதிவிடுகிறேன். பிரீஸ்கிரீனிங் வீடியோ (நேரில் ஆடிஷனுக்குக் கூப்பிடும் முன் அனுப்புவது), டிசம்பர் கெடு, நாலு மொழியில் பாட்டு, எல்லாம் மனப்பாடம் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் அடித்துச் சொல்வது ஒன்றே ஒன்று: விண்ணப்பம் போடும் முன் அங்கே கற்பிக்கும் டீச்சரிடம் ஒரு டிரையல் லெசன் எடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மட்டும் போகாதீர்கள். நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது, அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குக் காற்று வழியாக மட்டும்தான். அதனால் நாம் எப்படிப் பாடுகிறோம் என்பது நமக்கே முழுசாகத் தெரியாது. இரண்டு வருடம் வாராவாரம் அதைக் கேட்டுச் சொல்லப் போகிறவர் யார் என்பதுதான் முக்கியம். அவரைத் தெரிந்துகொள்ளாமல் எப்படிப் போவது?

எனக்கு வாய்த்தவர் பல வருடம் ஆப்பரா, அதாவது இசை நாடக மேடையில் பாடிவிட்டுக் கற்பிக்க வந்த சோப்ரானோ. மெயில் எழுதினேன், நேரம் கொடுத்தார். வெர்டியின் 'லா டிராவியாட்டா' ஆப்பராவில் வரும் 'செம்ப்ரே லிபெரா' என்ற ஆரியாவைத்தான் (தனிப் பாட்டு) கொண்டுபோயிருந்தேன். கடைசியில் வெர்டி எழுதாத, வழக்கமாக எல்லோரும் சேர்த்துக்கொள்கிற அந்த மேல் ஸ்வரம் எனக்கு வரும். பொறுமையாகக் கேட்டார். "வருகிறது, சந்தோஷம். இதைப் பத்து வருடம் கழித்துப் பாடு. வேறு என்ன வைத்திருக்கிறாய்?" என்றார்.

மோட்ஸார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' (1786) ஆப்பராவின் நாலாம் அங்கத்தில் ஃபிகாரோவின் மணப்பெண் சூசன்னா பாடும் 'தே வியேனி' இருந்தது. பாட்டுக்கு முன் பேச்சு போல வரும் ரெசிடேட்டிவைச் சுருதியே இல்லாமல் பேசச் சொன்னார். "ஒளிந்து நிற்கிற ஃபிகாரோ காதில் விழ வேண்டும். ஆனால் அவன் இருப்பது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. இப்போது பேசு." திரும்பத் திரும்பப் பேசினேன். பிறகு பாடியபோது மூச்சு தானாகச் சரியான இடத்தில் விழுந்தது. பார்க்கச் சின்னப் பாட்டு. கீழ் 'லா' (A) ஸ்வரம் வரை இறங்கி, கடைசி வரியில் மேல் 'லா' வரை ஏறுகிறது; இரண்டுக்கும் நடுவில் குரல் ஒட்டுப்போட்ட மாதிரி கேட்டால் உடனே தெரிந்துவிடும். ஆடிஷனில் முதல் பாட்டாக அதையே பாடினேன். முதல் பாட்டு நம் விருப்பம், அடுத்தது அவர்கள் கேட்பது. முதல் பாட்டிலேயே பாதி முடிவாகிவிடும் என்று நம்புகிறேன். நான் அமைதியான சுபாவம். வெடித்துப் பாடுகிறவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் இவளுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள். மேல் ஸ்வரத்தை அவர்கள் ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள்.

மேடையிலிருந்து வகுப்பறைக்கு வருவது இந்தத் துறையில் பழைய வழி. இந்தியானா பல்கலைக்கழகத்தையே பாருங்கள். 1946-இல் நியூயார்க் சிட்டி ஆப்பராவில் மேடம் பட்டர்ஃபிளையாக நின்ற கமில்லா வில்லியம்ஸ் 1977-இல் அங்கே பேராசிரியராக வந்தார். அங்கே குரலிசை கற்பித்த முதல் கறுப்பினப் பேராசிரியர் அவர்தான். 1957-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்கின் 'டயலாக்ஸ் தே கார்மெலித்' ஆப்பரா முதல்முதலாக அரங்கேறியபோது நாயகி பிளாஞ்ச்சாகப் பாடிய விர்ஜீனியா ஜியானி 1980-இல் வந்து, பல வருடம் கற்பித்தார். பெரிய ஆரியாவை எந்த வயதில் தொடலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பதை இப்படிப்பட்டவர்கள் தங்கள் தொண்டையிலேயே பட்டு அறிந்தவர்கள்.

இன்னும் மேடையில் இருக்கிற டீச்சர் என்றால் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை:

- செமஸ்டரில் எத்தனை வாரம் வெளியூர்க் கச்சேரி? அப்போது லெசன் யார் எடுப்பார்?
- அவரிடம் எத்தனை மாணவர்கள்?
- மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு ஆப்பராவில் ரோல் கிடைக்கிறதா, எல்லாம் டாக்டரேட் மாணவர்களுக்கே போய்விடுகிறதா?

ஒரு இடத்தில் இதைக் கேட்டதற்கு முகம் சுளித்தார்கள். அங்கே விண்ணப்பமே போடவில்லை.

மற்றவை சுருக்கமாக.

இத்தாலியன் 't' நம்முடைய 'ட' இல்லை. நாக்கு பல்லில் படுகிற 'த்'. நாம் ஆங்கிலம் பேசும்போது நாக்கை மடிக்கிற பழக்கம் பாட்டிலும் வந்துவிடும். இரட்டை மெய் மட்டும் நமக்குச் சுலபம், 'பத்து', 'பாட்டு' என்று தினமும் சொல்கிறோமே. ஜெர்மன் 'ü', 'ö' இரண்டும் தமிழில் இல்லை, இவற்றுக்குத் தனியாக உட்காருங்கள்.

மேல் ஸ்தாயியில் 'ஈ', 'ஊ' சுத்தமாக வரவில்லை என்று அழாதீர்கள். அங்கே வாயைத் திறந்தே ஆக வேண்டும், எல்லா உயிரும் 'ஆ' பக்கம் சாயும். சோப்ரானோ எல்லோருக்கும் அப்படித்தான்.

பியானோ வாசிப்பவருக்குத் தரும் நகலில் அடி வரி வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெண் ராட்டை சுற்றிக்கொண்டே பாடும் ஷூபர்ட்டின் 'கிரெட்சென்' (1814) பாட்டை வைத்திருந்தால், முத்தம் என்ற சொல்லில் பியானோவில் கேட்கும் ராட்டை நின்று, தயங்கித் தயங்கி மறுபடி சுழலும் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒத்திகை கிடைக்காது.

பாதியில் "தேங்க் யூ" என்று நிறுத்தினால் பயப்படாதீர்கள். நேரம் அவ்வளவுதான். என்னையும் நிறுத்தினார்கள்.

இடம் கிடைத்த கையோடு பணம் பேசுங்கள். அசிஸ்டன்ட்ஷிப் (பல்கலைக்கழகத்தில் வேலை செய்து பெறும் நிதியுதவி) உண்டா, அதில் இளங்கலை மாணவர்களுக்கு வாய்ஸ் கற்பிக்கும் வேலை உண்டா என்று எழுதிக் கேளுங்கள். பின்னாளில் பல்கலைக்கழக வேலைக்கு மேடை அனுபவத்தோடு அதையும் கேட்பார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நிதியுதவிக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. அதற்கு முன் கையெழுத்துப் போடச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும் போடாதீர்கள்.