ஜமீன் கிராமத்துப் பட்டாவைப் படிக்கும் முறை

ஒரு நிலச் சிக்கல் மேசைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, அது அயன் கிராமமா, ஜமீன் கிராமமா, மானியமாக விடப்பட்ட இனாம் கிராமமா என்பதுதான். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் பிறகு. இந்த வரிசையை மாற்றிக்கொண்டு தொடங்கிய கோப்புகள் ஆண்டுக்கணக்கில் சுற்றுவதைப் பார்க்கலாம்.

அயன் கிராமத்தில் குடியானவர் அரசுக்கு நேரே தீர்வை கட்டியவர். அங்கே ரயத்துவாரி, அதாவது இந்த நேரடித் தீர்வை முறைக்கான அளவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்துவிட்டதால் அ-பதிவேடு (புல எண்வாரி நில விவரம்), புலப்படம், அடங்கல் (ஆண்டுதோறும் எழுதும் சாகுபடிக் கணக்கு) என்று கணக்கு தொடர்ந்து வரும். ஜமீன் கிராமத்துக் கணக்கு சமஸ்தானத்துக் கச்சேரியில், அதாவது ஜமீன் அலுவலகத்தில் இருந்தது. 1802-ஆம் ஆண்டு 25-ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பாளையங்கள் நிரந்தர ஜமீன்களாக மாறியபோது, ஜமீன்தார் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கட்டும் பேஷ்கஷ் என்றைக்கும் மாறாத தொகையாக நிர்ணயமானது. அந்தத் தொகை வந்துவிட்டால் போதும். ஊருக்குள் எந்தப் புஞ்சையை யார் உழுகிறார், விளைச்சலில் என்ன பங்கு வாரமாகக் கொடுக்கிறார் என்று அரசு தனியே எழுதி வைக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் பல ஊர்களில் 1948-ஆம் ஆண்டு 26-ஆம் சட்டம், அதாவது ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, அதன்பின் அளவையும் நிலவரித் திட்டமும் நடந்த பிறகே அரசின் புல எண் பிறந்தது. அதற்கு முந்தைய பத்திரத்தில் இருப்பது பைமாஷ் எண், அதாவது ஜமீன் காலத்துப் பழைய அளவை எண்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் பாதி வழக்குகள் விழுகின்றன. 1935-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் பைமாஷ் எண்ணும் நான்கெல்லையும் இருக்கும். 1965-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் புல எண் இருக்கும். இரண்டும் ஒரே நிலம் என்று சொல்ல, இரண்டு எண்களையும் பொருத்திக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் வேண்டும். அது கிடைத்தாலும் ஒரு பைமாஷ் எண் மூன்று நான்கு புலங்களாகப் பிரிந்திருக்கும். அல்லது இரண்டு பைமாஷ் எண்களின் துண்டுகள் ஒரே புலத்துக்குள் வந்திருக்கும். பழைய பத்திரத்தில் பரப்பு குறுக்கம் என்ற பழைய அளவிலோ விதைப்பாட்டிலோ இருந்தால் அதை ஏக்கராக்கி வாதாட இறங்கக் கூடாது. விதைப்பாடு என்பது இவ்வளவு விதை பிடிக்கும் நிலம் என்ற கணக்கு. மண்ணுக்கு மண், சீமைக்குச் சீமை மாறும். நான்கெல்லையைப் பிடிக்க வேண்டும். கிழக்கே கண்மாய்க் கரை, தெற்கே வண்டிப்பாதை என்று எழுதியிருந்தால், அசையாத அந்த இரண்டையும் புலப்படத்தில் குறித்துக்கொண்டு மீதி இரண்டைத் தேடலாம். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்கே மதிப்பு அதிகம் என்பது நீதிமன்றங்களும் ஏற்கும் வழக்கம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நிலவரித் திட்டப் பதிவேடு. எஸ்.எல்.ஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதில் பெயர் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாமல், அந்தப் பெயருக்குப் பட்டா எந்தப் பிரிவின்கீழ் வந்தது என்று பார்க்க வேண்டும். 1948 சட்டத்தின் 11-ஆம் பிரிவு குடிகளுக்கானது. 12-ஆம் பிரிவு ஜமீன்தாரின் பண்ணை நிலத்துக்கானது. எந்தப் பிரிவு என்று தெரிந்தால், அதன் பின்னால் நடந்த போராட்டமும் தெரிந்துவிடும்.

அந்தப் போராட்டத்தின் வேர் 1908-ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டத்தில் இருக்கிறது. ஜமீனுக்குள் இருக்கும் குடி நிலத்தை உழும் ரயத்துக்கு, அதாவது குடியானவருக்கு, நிலையான அனுபோக உரிமை உண்டு என்று அது சொன்னது. பண்ணை நிலத்துக்கு அந்த உரிமை இல்லை. பண்ணை என்று காட்ட ஒரு வழி, சட்டம் அமலுக்கு வந்த 1908 ஜூலைக்கு முந்தைய 12 ஆண்டுகள் இடைவிடாமல் ஜமீன்தாரே தன் ஆளையோ கூலியாளையோ வைத்து, தன் மாட்டையோ வாடகை மாட்டையோ பூட்டிப் பயிர் செய்ததாக நிரூபிப்பது. நிரூபிக்கும் வரை அது குடி நிலம் என்றே கொள்ள வேண்டும். ஆக, ஒரு வயலுக்குப் 'பண்ணை' என்ற ஒரு சொல் கணக்கில் ஏறினால், அதை உழுதவரின் வாரிசுகளுக்கு எதுவும் இல்லை. சட்டத்தின் அனுமானம் உழுதவர் பக்கம் இருந்தாலும், கையில் பட்டாவும் முச்சலிக்காவும் (அதற்கு ஈடாக எழுதிய ஒப்புதல் பத்திரம்) இருந்தால் எதிர்த்து நிற்பது எளிது. ஆகவே ஒரு பண்ணைக் கணக்கு ஆதாரமாக வந்தால் விதை யார் கொடுத்தது, மாடு யாருடையது, கூலி கொடுத்த கணக்கு எங்கே என்று மூன்றையும் கேட்க வேண்டும். வாரம் வாங்கிய வரவு மட்டும் இருந்து கூலிச் செலவு இல்லையென்றால், அது பண்ணைச் சாகுபடி ஆகாது.

ஜமீன்தாருக்கு நஷ்டஈடு கிடைத்தது. ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு, சிறிய எஸ்டேட்டுக்கு 30 மடங்கு வரையும் மிகப் பெரியவற்றுக்கு 12½ மடங்கும் என்று சட்டமே படி வகுத்தது. ரயத்துக்குப் பட்டா கிடைத்தது. ரயத்திடம் வாய்ப்பேச்சில் வாரத்துக்கு வாங்கி உழுதவருக்கும், களத்தில் நெல்லாகக் கூலி வாங்கியவருக்கும் அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை. பல கோப்புகளைப் புரட்டியபின் மனத்தில் தங்குவது இந்த இடம்தான். நிலவரித் திட்ட அலுவலர் அநியாயம் செய்தார் என்று சொல்வதற்கில்லை. சட்டம் கேட்டதை அவர் எழுதினார். உரிமை கேட்க யாரும் வராத நிலம் 'அனாதீனம்' என்றும் தரிசு என்றும் பதிவானது. அங்கே ஆடு மேய்த்தவரும் மழைக்கு வரகு விதைத்தவரும் உண்டு. அவர்களிடம் காட்டக் காகிதம் இல்லை.

1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் (யு.டி.ஆர்) இதன்மேல் இன்னொரு அடுக்கு. ஏக்கர்-செண்ட் கணக்கு ஹெக்டேர்-ஏர் ஆனது. ஒரு ஏர் 2.47 செண்ட். சிறிய உட்பிரிவுகளில் முழுமையாக்கியதால் அரை செண்ட், ஒரு செண்ட் கூடிக் குறைந்ததை வைத்து அண்ணன் தம்பிகள் வேலியை நகர்த்துகிறார்கள். எஸ்.எல்.ஆரில் ஒரு பெயர், யு.டி.ஆரில் வேறு பெயர், நடுவில் பத்திரமும் இல்லை என்றால் அதை முதலில் எழுத்துப் பிழை என்று சந்தேகிக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் அந்த இடைவெளி ஆண்டுகளைத் தேடியும் எதுவும் கிடைக்காவிட்டால், யு.டி.ஆர் பிழைத் திருத்த மனு போட இடம் உண்டு.

கண்மாய்கள் தனிக் கதை. ஜமீன் கண்மாய்கள் அரசின் கையில் வந்தபோது கரை, மடை, கலிங்கு எதற்கும் முறையான அளவுக் குறிப்பு பல இடங்களில் வரவில்லை. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளவை பொதுப்பணித் துறைக்கும் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் போயின. மராமத்துச் செலவு வாரத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், நல்ல ஜமீனோ கெட்ட ஜமீனோ, விளைச்சல் குறைந்தால் அதற்கும் நஷ்டம். அந்தப் பிணைப்பு அறுந்த பிறகு கண்மாய்க்குப் பொறுப்பாளர் தொலைவில் போய்விட்டார். ஒழிப்புப் பேச்சு எழுந்த கடைசி ஆண்டுகளில் ஜமீன்கள் கரையில் காசு போடாததும் சேர்ந்துகொண்டது. நீர்ப்பிடிப்பின் விளிம்பில் பட்டா இருப்பதாக யாராவது வந்தால், எஸ்.எல்.ஆரோடு முழுக்கொள்ளளவு நீர்மட்டத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் எல்லைக்கல் நடக் கூடாது.

தஞ்சைக்குப் போனால் கணக்கே வேறு. அங்கே பெருநிலம் பெரும்பாலும் மிராசுதார்களின் ரயத்துவாரிப் பட்டாவிலும் மடங்கள், கோயில்களின் பெயரிலும் இருந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் அதைத் தொடவில்லை. 1952-ஆம் ஆண்டுத் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்கூட, ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர்களுக்குத்தான். 1961-இன் உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என்றது. 1970-இல் அது 15 ஆனது. பொது அறக்கட்டளை, தோட்டப்பயிர் என்று விலக்குகள் இருந்தன. ஒரு பண்ணையின் உண்மையான அளவை அறிய வேண்டுமானால் பட்டாக்களைக் கூட்டிப் பயனில்லை. உச்சவரம்பு வரும் என்று தெரிந்து நிலம் கைமாறிய 1959, 1960 ஆண்டுகளையும் 1969, 1970 ஆண்டுகளையும் சார்பதிவக அட்டவணையில் எடுத்து, ஒரே குடும்பப் பெயரில் அடுத்தடுத்த எண்களில் பதிவான பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட் பத்திரங்களைப் பார்க்க வேண்டும்.

உச்சவரம்புக்கு மேல் எடுத்த உபரி நிலத்தை அரசிடமிருந்து பெற்றவர்களின் துயரம் வேறு வகை. ஆணையில் ஒரு ஏக்கர் இருக்கும். உட்பிரிவு செய்து கல் நட்டிருக்காது. வாய்க்கால் அடுத்தவர் வரப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். பாதையும் அப்படியே. உத்தரவோடு உட்பிரிவுப் படமும் பாதை, வாய்க்கால் குறிப்பும் சேர்ந்து போகாத ஒப்படை, பத்து ஆண்டுக்குள் பழைய கைக்கே குத்தகையாகத் திரும்பிவிடுகிறது.

தஞ்சையில் கூலிக்காரரின் கையைக் கட்டியது வயலைவிட அவர் குடியிருந்த மனை. குடிசை மிராசுதாரின் புல எண்ணுக்குள் இருந்தது. கூலி கேட்டால் மனையை விட்டுப் போகச் சொல்லலாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவில். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம் அந்த மனையை அங்கே வாழ்ந்தவர்க்கே உரிமையாக்கியது. பதிவேட்டில் பண்ணையாளின் பெயர் ஏறிய முதல் இடம் பல ஊர்களில் இந்த மூன்று நான்கு செண்ட் மனைதான். வயலில் அவர் பெயர் ஒருபோதும் ஏறவில்லை.

மலையில் அதுவும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் மாஞ்சோலை மலைப் பகுதியில் 8,373 ஏக்கரைத் தோட்ட நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஜமீன் போய் அரசு வந்தபிறகும் குத்தகை தொடர்ந்தது. 2028-இல் முடிய வேண்டும். 2024-இல் தேயிலைத் தோட்ட வேலை நிற்கும் நிலை வந்தபோது, தலைமுறைகளாக லயன் வீட்டில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவர்களிடம் காட்ட ஒரு செண்ட்டும் இல்லை.

குடியிருப்பு மனைக்கு உட்பிரிவு கேட்டு வரும் மனுவில் மட்டும் நடைமுறையைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். தெருவில் போய் முதலில் வீட்டு வரிசையை எழுதிக்கொள்ள வேண்டும், யார் வீட்டுக்கு அடுத்து யார் என்று. பிறகு 1971-க்குப் பிந்தைய உரிமைப் பதிவையும், அதன்பின் தாய்ப் புல எண்ணின், அதாவது மனை அடங்கிய மூலப் புலத்தின் அடங்கலையும் எடுக்கலாம். தாய்ப் புலம் இன்னும் பழைய மிராசுதார் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மனைக்காரர் பெயர் பென்சிலில் ஓரமாக எழுதியிருக்கும். அந்தப் பென்சில் பெயரை மையில் ஏற்றுவதற்கு உட்பிரிவுப் படமும் வீட்டு வரி ரசீதும் பக்கத்து வீட்டார் இருவரின் வாக்குமூலமும் துணை நிற்கும்.