300 ரூபாய் ஆட்டோவும் ஒரு பூவரசு நிழலும்

போய்வந்த பயணத்தை வழி, செலவு, தங்குமிடம் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆட்டோக்காரர் மேல் உள்ள கோபம் முந்திக்கொண்டது.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரை வரை பஸ், பிரச்சினை இல்லை. அங்கிருந்து ஏர்வாடிப் பக்கம் ஒரு மீனவக் கிராமம். ஆட்டோவுக்கு 350 கேட்டவர் 300-க்கு ஒத்துக்கொண்டார். ஊர் எல்லையிலேயே நிறுத்தி, "மணலுக்குள்ள வண்டி போகாது" என்றார். ஏறும்போதே சொல்லித் தொலைத்திருக்கலாமே! மூன்று நாளுக்கு நான் ஒதுக்கியதே 2,000 ரூபாய். வைகாசி வெயிலில் நடந்தேன். இருபக்கமும் பனை; அதன் நிழல் ஒரு ஆளின் தோளுக்குக்கூடக் காணாது. மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம், ஒதுங்கினால் முள்.

கரைக்குச் சற்று முன்னால் நின்றது அந்தப் பூவரசு. அடியில் கவிழ்த்துப் போட்ட வள்ளம், குவித்த வலை, நாலு ஆடு, கையில் உளியோடு ஒரு பெரியவர்.

"வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீக."

அரச இலை மாதிரியே இலை, கூடவே பூ. அதனால்தான் பூவரசு. காலையில் விரிந்த பூ நல்ல மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. நேற்றைய பூ வதங்கி ஊதாச் சிவப்பாகிக் கிளையிலேயே தொங்குகிறது. ஒரே மரத்தில் இரண்டு நிறம்! பழுத்த இலை உதிர்ந்துகொண்டே இருந்தாலும் மரம் முழுசாக மொட்டையாவதில்லை. உப்புக் காற்றும் உப்பு மண்ணும் இதை ஒன்றும் செய்வதில்லை. காய் கடலில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும்.

பெரியவர் ஓடாவி, அதாவது படகு கட்டுகிறவர். "கிளை தானா வளைஞ்சிருக்கும். அந்த வளைவு பாத்து வெட்டி வள்ளத்துக்கு உள்விலாவா வைப்போம். தண்ணிக்குத் தாங்கும். இப்பத்தான் எல்லாம் ஃபைபராப் போச்சே!" பட்டையை உரித்தால் கயிறு திரிக்க நாராம். காயைக் கீறினால் வரும் மஞ்சள் பாலைச் சொறி சிரங்குக்குத் தடவுவார்களாம். தழை ஆட்டுக்கு, அதைத்தான் கண்ணெதிரே பார்த்தேனே. அவர் பேத்தி ஒரு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினாள். நானும் ஊதினேன், காற்றுதான் வந்தது. சின்ன வயசில் பூவரசங்காயில் குச்சி செருகிப் பம்பரம் விட்டவன் நான்! ஆடி வெள்ளிக்கு அம்மா இந்த இலையில்தான் மாவைத் தட்டி மடித்துக் கொழுக்கட்டை அவிப்பார். அந்த வாசம் வாழையிலைக்கு வராது, சண்டைக்கு வந்தாலும் சொல்வேன்.

மதியச் சாப்பாடு கீழக்கரையில், 220 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, அதனால் மீன் விலை ஏறிக்கிடக்கிறது. மீன் துண்டு தீப்பெட்டி அளவு. ஆனால் குழம்பு! மூன்று தடவை வாங்கினேன். அப்புறம் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய தொதல் கால் கிலோ. பட்ஜெட் அங்கேயே காலி. தங்குமிடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மின்விசிறி சுற்றியது.

நட ஒரு போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, கேட்டேன். பெரியவர் தரவில்லை. "இப்ப நட்டாக் காஞ்சுபோகும். ஐப்பசி மழைக்கு வாங்க, கைக் கனத்துக்கு வெட்டித் தாரேன். ஆட்டோவுல வராதீக. ரோட்டு வரைக்கும் டவுன் பஸ் இருக்கு."